புல்பாவின் வம்சமும் வெட்டாத ஒரு டப்பாவும்

சீசன் ஆரம்பிக்க இன்னும் பத்து நாள் இருக்கு, அதுக்குள்ள ஒரு தடவை வந்து புதுசா சேர்ந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்க மேடம்னு கூப்பிட்டீங்க. நாலு வார்த்தையோட நிறுத்தற ஆளு நான் இல்லன்னு உங்க சூப்பர்வைசருக்குத் தெரியும். அதனால ஒரே ஒரு வார்த்தையைப் பத்திப் பேசறேன். டீ வேணும்ங்கறவங்க இப்பவே குடிச்சிட்டு வந்துடுங்க. நடுவுல எழுந்து போனா எனக்குக் கோவம் வரும்.

அந்த வார்த்தை பல்ப். நீங்க தினம் நூறு தடவை சொல்றது. மாம்பழத்தை நசுக்கி, காய்ச்சி, டப்பாவுல அடைச்சா பல்ப். சித்தூரைச் சுத்தி எந்த ரோட்டுல போனாலும் பல்ப் ஃபேக்டரி. நான் இந்த வேலைக்குச் சேர்ந்தப்ப நகரியில எங்க தெருவே திரண்டு வந்து, "ஏம்மா கஸ்தூரி, பல்பு கம்பெனியிலயா வேலை? எங்களுக்கு ஒரு நாற்பது வாட்ஸ் கொண்டாந்து குடேன்"னு கேட்டுச்சு. எங்க நைனா உட்பட அங்க எல்லாருக்கும் பவர்லூம் தறிதான் பொழப்பு. மாம்பழத்தைக் கப்பல்ல ஏத்தறதும் ஒரு உத்தியோகம்னு அவங்களுக்குப் புரியவைக்கறதுக்குள்ள எனக்கு வாயே வலிச்சுப்போச்சு.

திருப்பதியில பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிருந்தேன். வெளிநாட்டு யாவாரத்துக்கு கவர்மெண்ட் கதவைத் திறந்துவிட்ட புதுசு. அதுவரைக்கும் எங்கயோ ரெண்டு மூணு ஊருக்குப் போய்க்கினு இருந்த டப்பா, திடீர்னு ஊர் பேரே வாயில நுழையாத நாட்டுக்கெல்லாம் போக ஆரம்பிச்சுது. பேப்பர் எழுத ஆள் வேணும். என்னை டாகுமெண்ட் சீட்ல உக்கார வெச்சாங்க. லேபிள்ல என்ன எழுதறதுங்கறதும் என் தலையில வந்து விழுந்துச்சு.

எனக்கு இந்த வார்த்தை மேல பைத்தியம் பிடிச்சது ஒரு பல் வலியில. திருப்பதியில ஒரு டாக்டரம்மா என் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பாத்துட்டு, "பல்ப் வரைக்கும் சொத்தை போயிடுச்சும்மா"ன்னாங்க. வாயைத் திறந்தபடியே நான் முழிச்சேன். பல்லுக்குள்ள மாம்பழம் எங்கிருந்து வந்துச்சு? அவங்க சிரிச்சுட்டு, பல்லுக்கு நடுவுல மெத்துன்னு இருக்கற உயிர்ச்சதைக்கும் அதே பேருதான்னு சொன்னாங்க. ஊசி போட்டு மரத்துப்போன வாயோட பஸ் ஏறினேன். சித்தூர் வர்ற வரைக்கும் அதே யோசனை.

அடுத்த சீசன்ல புது மிஷின் இத்தாலியிலிருந்து வந்துச்சு. கூடவே ஒரு ஃபிட்டரும் வந்தார். நல்ல மனுஷன், நம்ம சாப்பாட்டுக் காரத்துக்குக் கண்ணுல தண்ணி விட்டுக்கினே ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் துன்னுவார். ஒருநாள் மாம்பழத் தோலுல வழுக்கி விழுந்து கால்ல அடி. முழங்காலுக்குக் கீழ பின்பக்கம் பிடிச்சுக்கினு உக்காந்திருந்தார். ஐஸ் வெக்கப் போனப்ப, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு கேட்டேன். "போல்பாச்சோ"ன்னார். பழச்சதை? "போல்பா." எலும்பில்லாத கறி? அதுவும் "போல்பா." உருண்டையா பிடிச்சுப் பொரிச்ச கறி? "போல்பெத்தா." விரல் நுனியில மெத்துன்னு இருக்குதே அது? "போல்பாஸ்த்ரெல்லோ." வலியில இருக்கற மனுஷனை இப்படிக் குடைஞ்செடுத்தேன். பாவம், கோவிச்சுக்காம எல்லாத்துக்கும் பதில் சொன்னார்.

அப்புறம் என்ன, ஞாயித்துக்கிழமையானா திருப்பதி பஸ் ஏறி யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு ஓட ஆரம்பிச்சேன். தலைகாணி சைஸுக்கு ஒரு லத்தீன் அகராதி இருந்துச்சு. தொட்டாலே தூசி. அதுல இருந்தா பாட்டி, புல்பா. எலும்பும் கொழுப்பும் இல்லாத கெட்டிச் சதை, பழத்தோட சதை, மரத்துக்குள்ள மெத்துன்னு இருக்கற பாகம், எல்லாத்துக்கும் அந்த ஒரே பேரு. இத்தாலிக்காரன் போல்பாங்கறான், போர்ச்சுகீஸ்காரனும் போல்பாதான், ஸ்பானிஷ்காரன் புல்பாவை அப்படியே வெச்சுக்கினான், பிரெஞ்சுக்காரன் உதட்டைக் குவிச்சு ப்யூல்ப்ங்கறான். ருமேனியாக்காரனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கோழித்தொடை. இங்கிலீஷ்காரன் பிரெஞ்சு வீட்லயோ லத்தீன் வீட்லயோ கடன் வாங்கி, பழத்துக்கும் பல்லுக்கும் போட்டு, பேப்பர் பண்ற மரக்கூழுக்கும் போட்டுட்டான்.

அம்மாவோட நகையை அக்கா தங்கச்சிங்க பிரிச்சுக்கற மாதிரிதான் இது. ஒருத்திக்கு வளையல், ஒருத்திக்குத் தோடு. நமக்கும் அதேதான். தமிழ்ல சதைன்னா தொடையும் சதை, மாம்பழமும் சதை, முழங்காலுக்குக் கீழ ஆடுசதை. தெலுங்குல குஜ்ஜுன்னா பழத்துக்கு மட்டும்தான், தொடையைப் போய் குஜ்ஜுன்னு சொன்னா சிரிப்பாங்க. திருப்பதி பஸ் ஸ்டாண்டுல ஒரே பஸ்ஸை மூணு பாஷையில கூப்பிடறதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இந்த ஐரோப்பாக்காரங்க குடும்பம் ஒண்ணும் புதுசாத் தெரியல. புல்பாவுக்கு முன்னாடி என்ன, அது எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, அவ்வளவு பெரிய அகராதியில "மூலம் உறுதியா தெரியல"ன்னு அச்சடிச்சிருந்தாங்க. அத்தனை படிச்சவங்க வெக்கப்படாம தெரியலன்னு எழுதியிருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

ஆனா பிடிச்சதோட சரி. அதைக் கத்துக்கல. சொல்றேன்.

அந்த வருஷம் இத்தாலியில ஒரு வியாபாரி பெரிய ஆர்டர் குடுத்தார். சர்க்கரை வியாதிக்காரங்க வாங்கற கடைகளுக்குப் போற டப்பா. லேபிள்ல நாலு பாஷை வேணும்: இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு. நாலுலயும் "மாம்பழ பல்ப், சர்க்கரை சேர்க்கவில்லை"ன்னு கொட்டை எழுத்துல இருக்கணும். எனக்குத் தலைகால் புரியல. மாங்கோங்கறதும் மங்காங்கறதும் நம்ம மாங்காய் கடல் தாண்டிப் போனது. பக்கத்துல லத்தீன் பாட்டியோட பேத்திங்க நாலு பேர் நிக்கறாங்க. அந்த லேபிளை நானே பெத்து வளர்த்த மாதிரி வெச்சுக் கொஞ்சிக்கினு இருந்தேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். டப்பா அடைச்ச உடனே லேபிள் ஒட்டறதில்ல. பளபளன்னு வெறும் டப்பாவா குடோன்ல அடுக்கி வெச்சு, ஆர்டர் வந்தப்புறம்தான் அந்தந்த நாட்டு லேபிள் ஒட்டுவோம். வெளியில பாத்தா சர்க்கரை போட்டதும் போடாததும் ஒரே மாதிரி இருக்கும், மூடியில ஒரு நம்பர் மட்டும்தான் வித்தியாசம். அதனால எந்த அடுக்குல ஒட்டறதுன்னு சீட்டு எழுதறதுக்கு முன்னாடி, அந்த அடுக்குல ஒரு டப்பாவை வெட்டிப் பாக்கணும், வாயில வெச்சும் பாக்கணும். பாத்தேன்னு சீட்டுல கையெழுத்துப் போடணும். அது குவாலிட்டி சார் வேலை. அவர் இல்லாத அன்னிக்கு டாகுமெண்ட் சீட்ல உக்காந்திருக்கறவங்க வேலை, அதாவது என் வேலை.

அன்னிக்கு குவாலிட்டி சார் பேத்திக்கு மொட்டை போட திருமலைக்குப் போயிருந்தார். மறுநாள் காலையில லாரி. சாயங்காலத்துக்குள்ள சரக்கு விவரத்தை நாலு பாஷையிலயும் எழுதி ஃபாக்ஸ்ல அனுப்புன்னு இத்தாலிக்காரர் போன் மேல போன். பிரெஞ்சு வரியில ஒரு சந்தேகம், நான் அகராதியில மூழ்கிக் கிடந்தேன். லேபிள் செக்‌ஷன்ல கேட்டாங்க, எந்த அடுக்குன்னு. ஞாபகத்துல இருந்த நம்பரை எழுதி, வெட்டிப் பாத்தேன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன். டப்பா வெட்டற கத்தி என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்துல தொங்கிக்கினு இருந்துச்சு.

சீட்டை எடுத்துக்கினு முனியம்மா திரும்பி வந்தா. லேபிள் செக்‌ஷனுக்கு அவதான் மூத்தவ. பிச்சாட்டூர் பக்கம் எல்லைக் கிராமம், எங்களை மாதிரி தமிழ்க் குடும்பம், ஏழு சீசனா வந்துக்கினு இருந்தா. கதவுகிட்ட நின்னுக்கினு, "மேடம், இந்த அடுக்கு சக்கரை கொட்டின அன்னிக்கி ரொப்பினது. அன்னிக்கி நான் கலக்கற டேங்காண்ட இருந்தேன். ஒரு டப்பா வெட்டிப் பாத்துட்டு சொல்லுங்களேன்"னா.

நான் நிமிர்ந்து கூடப் பாக்கல. "முனியம்மா, எனக்கு நாலு பாஷையில எழுத வேண்டியது இருக்கு. உனக்கு ஒட்டற வேலை. போய் ஒட்டு"ன்னேன்.

அவ போய் ஒட்டினா.

மூணாம் நாள் குவாலிட்டி சார் வந்தார். எல்லா அடுக்குலயும் ஒரு டப்பா எடுத்து வெச்சிருப்போமில்ல, அதுல இத்தாலிக்குப் போன அடுக்கோடதை வெட்டி வாயில வெச்சவர் அப்படியே துப்பிட்டு ஓடி வந்தார். நல்ல வேளை, கன்டெய்னர் சென்னை ஹார்பர்லதான் நின்னுக்கினு இருந்துச்சு, கப்பல் ஏறல. ஏறியிருந்தா? சர்க்கரை சேர்க்கலைன்னு நாலு பாஷையில சத்தியம் பண்ற டப்பாவை நம்பி எந்த ஊர்லயோ ஒரு வியாதிக்காரம்மா வாங்கித் துன்னிருப்பா. புல்பாவோட வம்சமே எனக்கு மனப்பாடம், டப்பாக்குள்ள என்ன இருக்குதுன்னு மட்டும் தெரியாம கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கன்டெய்னரைத் திருப்பிட்டாங்க. மேனேஜர் எல்லாரையும் குடோன்ல நிக்க வெச்சு, "எவரி தப்பு இதி?"ன்னு கத்தினார். யாரோட தப்பு இதுன்னு. எல்லாரும் முனியம்மாவைப் பாத்தாங்க. அவ, "சீட்டுல கீற நம்பரைத்தான் ஒட்டினேன் சார்"ன்னா. சீட்டு எங்கன்னு கேட்டார். ஒட்டி முடிச்சதும் சீட்டு டாகுமெண்டுக்குத் திரும்பி வந்துடும். அது என் மேஜை டிராயர்ல, என் கையெழுத்தோட கிடந்துச்சு. அவ என்னைப் பாத்தா. நான் தரையைப் பாத்தேன். மேனேஜர், "சீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடுக்கு மாத்தி எடுத்துட்டுப் பேச்சு வேறயா?"ன்னுட்டுப் போயிட்டார்.

ஏன் வாயைத் திறக்கலைன்னு கேப்பீங்க. கேளுங்க, கேக்கணும். எங்க வீட்டுக்காரர் அப்ப துபாய் போய் மூணு வருஷம். அங்க ஒரு ஜூஸ் கம்பெனி என்னையும் வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிடுச்சு. நம்ம மேனேஜர் கையெழுத்துப் போட்ட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒண்ணுதான் பாக்கி. டைப் அடிச்சு அவர் மேஜை மேலயே இருந்துச்சு. பாஸ்போர்ட் ரெடி, பெட்டி கூட வாங்கியாச்சு.

முனியம்மாவுக்கு என்ன போச்சுன்னும் கேளுங்க. அந்த வாரம்தான் சீசன் ஆளுங்கள்ல அஞ்சு பேரை பர்மனென்ட் பண்ற லிஸ்ட் போட்டிருந்தாங்க. அவ பேரு ரெண்டாவது. அவ புருஷன் சென்னையில கட்டட வேலைக்குப் போய், நீயும் வந்துடு, வந்துடுன்னு சொல்லிக்கினு இருந்தான். பர்மனென்ட் ஆயிட்டா அவ சித்தூர்லயே இருக்கலாம், எட்டாவது படிக்கற பொண்ணை அதே ஸ்கூல்ல தொடர்ந்து படிக்க வெக்கலாம். ஆகலைன்னா சீசன் முடிஞ்ச உடனே அம்மாவும் பொண்ணும் சென்னைக்குப் போய் சிமெண்ட் சட்டி தூக்கணும். இது லேபிள் செக்‌ஷன்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மேனேஜர் அவ பேரு மேல பென்சிலால கோடு போட்டதையும் நான் பாத்தேன்.

அதுக்கப்புறம் மூணு நாள் சும்மா இருந்தேன். டிராயரைத் திறப்பேன், சீட்டைப் பாப்பேன், மூடிடுவேன். கிழிச்சுப் போட்டுட்டா முடிஞ்சுது. ஒரு தடவை கையில எடுத்தும் பாத்தேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு, அவ்வளவு கேவலமா இருந்தேன்.

மூணாம் நாள் சாப்பாட்டு நேரத்துல முனியம்மா என் ரூமுக்கு வந்தா. சண்டைக்குத்தான் வர்றான்னு நினைச்சு டிராயரை இழுத்து மூடினேன். அவ ஒரு வெள்ளைப் பேப்பரை மேஜை மேல வெச்சா.

"மேடம், பொண்ணுக்கு டி.சி. வாங்கணும். ஹெட்மாஸ்டருக்கு தெலுங்குல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

குத்திக் காட்டறாளான்னு மூஞ்சியைப் பாத்தேன். அப்படி ஒண்ணும் தெரியல. அழுது முடிச்ச கண்ணு. நான் பேனாவை எடுத்து "மகாராஜஸ்ரீ"ன்னு ஆரம்பிச்சேன். பொண்ணோட பேரு கேட்டேன், வகுப்பு கேட்டேன். "காரணம்"னு ஒரு வரி எழுதணுமில்ல, அங்க வந்து பேனா நின்னுடுச்சு. காரணம் என்னன்னு எழுதறது? கஸ்தூரி மேடம் பொய்க் கையெழுத்துப் போட்டாங்கன்னா? பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "நாளைக்குத் தர்றேன், போ"ன்னேன். அவ வெளியில போனதும் சீட்டை எடுத்துக்கினு நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

அவர் படிச்சார். கதவைச் சாத்தினார். கத்துவார்னு நினைச்சேன், கத்தல. அது இன்னும் பயமா இருந்துச்சு.

"சரே," அப்படின்னார். "இது இந்த ரூமோட இருக்கட்டும்மா. மிஷின்ல நம்பர் தப்பா விழுந்துச்சுன்னு எழுதிக்கறேன். அந்தம்மா பேரு லிஸ்ட்ல இருக்கும். உன் லெட்டரும் நாளைக்கு சைன் ஆயிடும். ஆனா ஆபீஸ் ஆளே பொய்க் கையெழுத்து போட்டாங்கன்னு வெளியில போச்சுன்னா, அது இத்தாலிக்காரர் காதுக்கும் போகும். அப்புறம் என்கிட்ட லெட்டர் கேக்காதே."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. எவ்வளவு நியாயமான மனுஷன்! யாருக்கும் நஷ்டமில்ல. லேபிள் செக்‌ஷனுக்கு ஓடினேன். முனியம்மா ஓரமா தனியா உக்காந்து தூக்குச்சட்டியைக் கழுவிக்கினு இருந்தா. "உன் பேரு லிஸ்ட்ல இருக்கு முனியம்மா. டி.சி. வேணாம். நான் சொல்லிட்டேன்"னேன். அவ காலைப் பிடிச்சுக்குவா, நான் தூக்கி நிறுத்துவேன்னு ஒரு சினிமாவே ஓடிச்சு என் மனசுல.

அவ எழுந்து புடவையில கையைத் துடைச்சுக்கினா. "பேரு கீது, சந்தோசம் மேடம். மூணு நாளா இவங்க யாரும் எங்கூட உக்காந்து சோறு துன்ல. இவளாலதான் கம்பெனி மூடப்போவுது, நம்ம எல்லார் வாயிலயும் மண்ணுன்னு சொல்லிக்கினு கீறாங்க. நீங்க ரூமுக்குள்ள சொன்னது இவங்களுக்கு எப்பிடி கேக்கும்?"

அன்னிக்கு வீட்டுக்குப் போய் அந்தப் புதுப் பெட்டியையே பாத்துக்கினு உக்காந்திருந்தேன். மூணு வருஷமா கனவு கண்ட பெட்டி அது. கோவமும் வந்துச்சு, முனியம்மா மேலயே வந்துச்சு. குடுத்ததை வாங்கிக்கக் கூடாதா இவ? அந்தக் கோவம் எவ்வளவு அநியாயம்னு எனக்கே தெரிஞ்சதால அழுகை வந்துடுச்சு.

பிள்ளைங்களா, பிரஷர் பிரஷர்னு சொல்றீங்களே, லாரி நிக்கறது பிரஷர் இல்ல, ஃபாக்ஸ் வர்றது பிரஷர் இல்ல. அதெல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகலாம், ஒரு டப்பாவை வெட்ட ரெண்டு நிமிஷம் போதும். தப்பு பண்ணினப்புறம் ஒருத்தர் வந்து, உனக்கும் நஷ்டமில்லாம அவங்களுக்கும் நஷ்டமில்லாம முடிச்சுக்கலாம்னு அன்பா சொல்லுவாங்க பாருங்க, அதுதான் பிரஷர். அப்ப யாரு தனியா உக்காந்து சோறு துன்னுதுன்னு பாருங்க. அவங்ககிட்ட போய் நில்லுங்க.

என் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் என்ன ஆச்சுன்னு முன்னாடியே சொல்லிடறேன், இல்லன்னா அதையே யோசிச்சுக்கினு இருப்பீங்க. வரல. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார், வேலையை விட்டு மட்டும் எடுக்கல. எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் போன்ல முகம் கொடுத்துப் பேசல. நான் துபாயைப் பாக்கவே இல்ல. வருத்தமில்லைன்னு சொன்னா அது ரெண்டாவது பொய்க் கையெழுத்து.

மறுநாள் காலையில ஷிஃப்ட் மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஃபேக்டரி கேட் பக்கத்துல போய் நின்னேன். பொம்பளைங்க கூட்டம் கூட்டமா உள்ள வந்துக்கினு இருந்தாங்க. வெறும் மாம்பழக் கிரேட் ஒண்ணைக் கவுத்துப் போட்டு மேல ஏறினேன். முதல்ல தெலுங்குல சொன்னேன், அப்புறம் நம்ம தமிழ்ல சொன்னேன். அடுக்கு நம்பரைத் தப்பா எழுதினது நான். டப்பா வெட்டிப் பாக்காம பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நான். முனியம்மா வந்து சொன்னா, நான் கேக்கல, அவளை விரட்டிட்டேன். மூணு நாளா அவ மேல பழி விழுந்தப்ப பாத்துக்கினு சும்மா இருந்ததும் நான்.

ஆபீஸ் ஜன்னல்ல மேனேஜர் நின்னுக்கினு இருந்தார். முனியம்மா முன்வரிசையில, இடுப்புல கை வெச்சுக்கினு, என்னையே பாத்துக்கினு இருந்தா. நான் கிரேட்டை விட்டு இறங்கக் காலை எடுத்து வெச்சேன்.

"எனக்குக் கேட்டுச்சு மேடம்," அப்படின்னா அவ. "கடைசி வரிசைக்கு கேக்கல. இன்னொரு தபா சொல்லுங்க."

திரும்பி ஏறி நின்னு, சத்தமா சொன்னேன்.